தூக்க முடியாத மெஷின்

என் ஓரகத்தி எல்நூராவுக்கு ‘முடியாது’ என்ற சொல் வாயில் வராது. அப்படி ஒரு பிறவி. கடைக்காரன் மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். அப்புறம் நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய் அவனோடு மல்லுக்கு நிற்க வேண்டும். நான் மூத்தவர் மனைவி ஜிபார், அவள் இளையவர் மெடெரின் மனைவி. எங்களுக்கு ஒரே முற்றம், இரண்டு வீடு, நடுவில் ஒரு குழாய். தோக்மோக் ஊரைத் தாண்டி வேன் திரும்பும் இடத்தில் இறங்கினால் எங்கள் கிராமம். அந்த வேனை ஓட்டுவதே மெடெர்தான்.

அவன் ஓட்டும் வேன் வருமானம் டீசலுக்கும் டயருக்கும் சரியாகப் போய்விடும். அதனால் எல்நூரா மாஸ்கோவுக்குப் போனாள். அங்கே ஒரு பெரிய கடையின் ரொட்டிக் கூடத்தில் மாவு பிசைகிற வேலை. மகள் சாய்கல் அப்போது கைக்குழந்தை. என்னிடம்தான் வளர்ந்தாள். நாலு குளிர்காலம் கழித்து எல்நூரா திரும்பி வந்து வாசலில் பெட்டியை வைத்தபோது, அந்தப் பிள்ளை என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “பெரியம்மா, இந்த அக்கா யாரு?” என்று கேட்டது. எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. எல்நூரா அழவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு, “தேன் இருக்கா அக்கா?” என்று என்னிடம் கேட்டாள்.

அன்று அவள் செய்ததுதான் எங்கள் தெரு பார்த்த முதல் மெதோவிக். தேன் ஊற்றிப் பிசைந்த மாவை மெல்லிய வட்டங்களாகச் சுட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் புளித்த பாலாடை தடவி அடுக்குகிற கேக். சாய்கல் முதலில் தூரத்திலிருந்து பார்த்தாள், பிறகு மேஜைக்கு வந்தாள், பிறகு பாலாடைக் கரண்டியை நக்கினாள். சாயங்காலம் அவள் அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி ஒரு துண்டு தின்றுவிட்டு, தன் மகள் பிறந்தநாளுக்கு ஒன்று வேண்டும் என்றாள். அப்படித்தான் தொழில் ஆரம்பித்தது. நல்ல தொழில். எங்கள் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு விருந்தாவது இல்லாமல் போகாது, கேக் இல்லாத விருந்தை இப்போது யாரும் விருந்தென்றே ஒப்புக்கொள்வதில்லை.

ஆனால் மாஸ்கோ அவள் மணிக்கட்டைத் தின்றுவிட்டிருந்தது. தேன் மாவு கல் மாதிரி இறுகும். ஒரு கேக்குக்குப் பிசைந்தாலே கை வீங்கிவிடும். அதனால் சாய்கல் பள்ளியில் சேர வேண்டிய வருஷம், வசந்தத்தில், ஒரு ஸ்டாண்ட் மிக்ஸர் வாங்கினாள். வெள்ளை நிறம், பார்க்க லட்சணமாக, கோழிக்குஞ்சு மாதிரி லேசாக இருந்தது. மேஜை மேல் வைத்து முட்டை வெள்ளையை ஊற்றிவிட்டால் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும், அவள் பாட்டுக்கு டீ குடிப்பாள். எனக்கே பொறாமையாக இருந்தது.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. ஒரு வீட்டில் விருந்தோ துக்கமோ என்றால், ஊரிலுள்ள பெரிய கொப்பரை, சமோவார், தட்டு, மேஜை விரிப்பு எல்லாம் அந்த வீட்டுக்குப் போய்விடும். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காதவள் பெயர் ஊரெல்லாம் நாறும். நாளைக்கு நம் வீட்டுப் பிணத்தைத் தூக்கவும் ஆள் வேண்டுமே! கடைசித் தெருவில் ஒரு பெரியவரின் நாற்பதாம் நாள் படையல் வந்தது. வந்திருக்கும் சனத்துக்குப் பூர்சோக் என்கிற மாவுத் துண்டுகளைப் பொரிக்க வேண்டும், மூட்டைக் கணக்கில் மாவு. “எல்நூரா வீட்டில் மெஷின் இருக்கு” என்று எவளோ வாயை விட்டாள். இரண்டு பையன்கள் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தனே போதும். இரண்டாமவன் சும்மா மரியாதைக்கு.

மூன்றாம் நாள் மெஷின் திரும்பி வந்தது. பளபளவென்று கழுவித் துடைத்திருந்தார்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்பதால் அதற்குள் நிறையப் பூர்சோக்கும், மேலே ஒரு நல்ல துண்டு குதிரைக் கறியும் வைத்திருந்தார்கள். முறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மோட்டார்தான் கருகிப்போயிருந்தது.

“போய்க் கேளுடீ!” என்று கத்தினேன்.

“எப்படிக்கா கேக்குறது? அவங்க அப்பாவைப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்காங்க. நான் போய், என் மோட்டார் செத்துப்போச்சுன்னு சொல்லவா?”

“நான் கேக்குறேன்.”

“வேணாம்க்கா. கறி நல்லாத்தான் இருந்துச்சு.”

அவளை அடிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை. சொல்லப்போனால் நான் மட்டும் என்ன கிழித்திருப்பேன்? வாசல்வரை போயிருப்பேன், அந்த வீட்டுப் பெண்கள் கறுப்புத் துணியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நானும் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிட்டுத் திரும்பியிருப்பேன்.

கோடை முழுக்க மணிக்கட்டில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு கையால் பிசைந்தாள். முடியாது என்று சொல்லத் தெரியாதவளுக்கு ஆர்டரும் குறையாது. கை வலித்தால் முழங்கையால் அழுத்துவாள். அந்த நேரம் பார்த்து மாஸ்கோவிலிருந்து பழைய மேற்பார்வைக்காரி போன் செய்தாள். அங்கே ஓர் இடம் காலியாம், குளிர்காலத்துக்கு முன் வந்துவிட்டால் எடுத்துக்கொள்வாளாம். எல்நூராவின் கையிலிருந்த பணம் ஒன்றுக்குத்தான் போதும். பயணச் சீட்டு, அல்லது இன்னொரு மெஷின்.

“மெஷினே வாங்கு” என்றேன்.

“வாங்கி, இதுவும் போச்சுன்னா?”

“போச்சுன்னா?”

“நானும் போக வேண்டியதுதான்க்கா. வேற வழி?”

மெடெர் டீக் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். சாய்கல் மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாளியில் தேன் மாவைப் பிசைந்து மூடி, ஆறு முட்டையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எல்நூரா வேனில் ஏறினாள். நானும் ஏறினேன். தலைநகர் பிஷ்கேக்கில் பெரிய சந்தையின் பின்வரிசையில் மெஷின் கடைகள் இருக்கின்றன. பேரம் பேச நான் இல்லாமல் அவளை அனுப்புவேனா? கடைக்காரன் ஷெர்ஸோத் என்ற உஸ்பெக் இளைஞன். தேன் ஒழுகப் பேசினான்.

“வாங்க அக்காமாரே! எது வேணும்? இதைப் பாருங்க, சிவப்பு, பாத்திரம் கண்ணாடி. எடையே இல்லை. சமைச்சு முடிச்சா அலமாரியில தூக்கி வெச்சுக்கலாம்.”

எல்நூரா அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். கீழே வைத்தாள். “வேணாம்” என்றாள்.

எனக்கு ஆச்சரியம். கடைக்காரன் முகத்துக்கு நேரே மறுக்கிற வாயா இது?

“சரி, இது? இதுல பத்து வேகம்.”

அதையும் தூக்கினாள். “வேணாம்.”

“அக்கா, ஓட்டிப் பாருங்க! எல்லாரும் மாவு பிசைஞ்சு பாப்பாங்க, நீங்க என்ன ஆட்டுக்கிடா வாங்குற மாதிரி தூக்கித் தூக்கிப் பாக்குறீங்க?”

“ஓட்டுறது அப்புறம். இதைவிடக் கனமா இருக்கா?”

“கனமாவா?” அவன் என்னைப் பார்த்தான். “நாங்க இதுவரைக்கும் லேசானதுதான் வேணும்னு கேட்டுப் பாத்திருக்கோம்.”

மூன்றாவதை அவள் மூச்சைப் பிடித்துத் தூக்கி, முகம் வாடிக் கீழே வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அடிப்பாவி! அவள் தன் கையால் தூக்கிப் பார்க்கவில்லை. ஊர்ப் பையன்களின் கையால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயால் சொல்ல வராத ‘முடியாது’ என்ற சொல்லை மெஷினாவது சொல்லட்டும் என்று தேடுகிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

“தம்பி, இரண்டு ஆம்பளைங்களால தூக்க முடியாததா காட்டு” என்றேன்.

ஷெர்ஸோத் தலையைச் சொறிந்துகொண்டு கடையின் பின்பக்கம் கூட்டிப்போனான். மூலையில், வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால், சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றிருந்தது. முழுக்க இரும்பு. இடுப்பளவு உயரம். உணவுவிடுதிக்காரன் ஒருவன் சொல்லிவைத்துவிட்டு வாங்க வரவே இல்லையாம். எல்நூரா அதைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ம்ஹூம். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றுகூட அப்படி மலரவில்லை.

அதற்கப்புறம்தான் வாளியைத் திறந்தாள். தேன் மாவைப் போட்டு ஓடவிட்டு, மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள், காய்ச்சல் பார்ப்பது மாதிரி. மாவு சுருண்டு சுருண்டு மெத்தென்று ஆனது, மோட்டார் சூடேறவில்லை. ஆனால் பாத்திரம் பெரிது. ஒரு கேக்குக்கான முட்டை வெள்ளை அதன் அடியில் தடம் தெரியாமல் போய்விடும்.

“சின்னப் பாத்திரம் ஒண்ணு இருக்குமா?”

“இருக்கு, அதுக்குத் தனி விலை” என்றான் அவன்.

“தனி விலையா? யாரும் சீந்தாத இரும்பை வெங்காயத்துக்குக் காவலா நிறுத்தி வெச்சிருக்கே, அதைத் தூக்கிட்டுப் போறோம்னு நீதான் எங்களுக்குக் குடுக்கணும்!” என்று நான் பிடித்துக்கொண்டேன்.

சின்னப் பாத்திரம் சும்மா வந்தது. அதில் முட்டையையும் அடித்துப் பார்த்தாள். பாத்திரத்தைக் கவிழ்த்தால் விழாத அளவுக்கு நின்றது.

“எங்க ஊர்ல குளிர்காலத்துல கரண்ட் பாதிதான் வரும் தம்பி. எல்லாரும் ஹீட்டர் போட்டுருவாங்க. இது ஓடுமா?”

“மெதுவா ஓடும். நீங்களும் மெதுவாப் பிசைங்க” என்றான் ஷெர்ஸோத். வேனில் ஏற்ற அவனும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். வேன் பின்பக்கம் தாழ்ந்துபோய், மெடெர் வழியெல்லாம் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

சமையலறை மூலையில் அது நின்றதிலிருந்து எங்கள் முற்றத்தில் ஒரே கூட்டம். புதுப்பொருள் வாங்கினால் பார்க்க வருகிறவர்கள் கைநிறைய ஏதாவது கொடுத்து வாழ்த்த வேண்டும். பைகாசி என்போம். ஒருத்தி முட்டை கொண்டுவந்தாள், ஒருத்தி துண்டு கொண்டுவந்தாள். வந்த ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் வாழ்த்திவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு, மெஷினைத் தூக்கிப் பார்த்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனான். எல்நூரா வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் பார்ப்பாள். நாங்கள் இருவரும் அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்போம்.

நல்ல நாட்கள் அவை. காலையில் குழாயடிக்கு நான் போகும்போது அவள் ஜன்னல் வழியே மெஷின் சத்தம் கேட்கும், பசு அசைபோடுகிற மாதிரி நிதானமாக. தேனும் வெண்ணெயும் சூடாகிற வாசனை வரும். மணிக்கட்டு வீக்கம் வடிந்தது. தோக்மோக்கிலிருந்தே ஆர்டர் வர ஆரம்பித்தது. மேற்பார்வைக்காரிக்குப் போன் செய்து, “இன்னும் கொஞ்ச நாள் பாக்குறேன்” என்று சொன்னாள். அப்போதும் வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சாய்கல் பள்ளிவிட்டு வந்ததும் பை தோளில் இருக்கும்போதே கரண்டியை நக்குவாள். அவள் கன்னம் உப்பியது. நான் வளர்த்தபோது இப்படி உப்பவில்லை என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட.

அக்டோபரில் சின்ன மாமனார் சத்தார்குல் வீட்டில் விசேஷம் வந்தது. அவருடைய பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான், கால்கயிறு அறுக்கும் விருந்து. பிள்ளையின் இரண்டு காலையும் கயிற்றால் கட்டி நிறுத்துவார்கள், மற்றவர்கள் ஓடிவருவார்கள், முந்தி வந்தவர் கயிற்றை அறுப்பார். ஊரே வரும். ஊருக்கே பூர்சோக் வேண்டும். சாமான் சேகரிக்கக் கிளம்பியது அவருடைய கடைசி மகன் பெக்துர், எங்களுக்குக் கொழுந்தன். அவன் கோக்-போரு ஆடுகிறவன். குதிரை மேல் பாய்ந்து வரும்போதே குனிந்து, தரையில் கிடக்கும் தலையில்லாத ஆட்டை ஒற்றைக் கையால் தூக்கித் தொடைக்கடியில் இடுக்கிக்கொண்டு போகிற முரடன். அவன் தன் அணிக்காரர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, லாரியோடு வந்து எங்கள் முற்றத்தில் நிறுத்தினான்.

“அண்ணி! கொப்பரை, சமோவார், அப்புறம் உங்க இரும்புக் குதிரை!”

நான் குறுக்கே வந்தேன். “டேய், அதெல்லாம் தூக்க முடியாதுடா. முயற்சி பண்ணவனெல்லாம் இப்ப எண்ணெய் தேய்ச்சுட்டுப் படுத்திருக்கான்.”

“அவங்க ஆம்பளைங்களா அண்ணி? எங்களைப் பாருங்க!”

நாலு பேரும் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் போனார்கள். மெஷினுக்கடியில் கயிற்றை விட்டார்கள். எல்நூரா கையில் மாவோடு சுவரோரம் நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். நான் அவளைக் கிள்ளினேன். சொல்லித் தொலையடீ! ஆனால் என்ன சொல்வாள்? சின்ன மாமனார் வீட்டு விசேஷம், பேரன் நடக்கத் தொடங்கின சந்தோஷம், முடியாது என்றால் அது பிள்ளைக்கே ஆகாது என்பார்கள். ஊரெல்லாம் வாய் கிழியப் பேசுகிற எனக்கே அந்த இடத்தில் நாக்கு எழவில்லை.

“ஒண்ணு, ரெண்டு, ஹேய்!” என்றான் பெக்துர். மெஷின் தரையைவிட்டு எழுந்தது.

சாய்கல் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக மேஜைக்குப் போய், துணியை விலக்கி, காலையில் சுட்ட ரொட்டி ஒன்றை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் போய், எட்டி அவள் வாயருகே நீட்டினாள்.

“கடிம்மா.”

எங்களில் தூரப் பயணம் போகிறவர்கள் ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டு, மிச்சத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்த மிச்சம் அவர்கள் திரும்பி வரும்வரை சுவரில் தொங்கும். மிச்சம் காத்திருந்தால் ஆளும் வந்துசேரும் என்று நம்பிக்கை.

“கடிச்சுட்டுப் போம்மா” என்றாள் சாய்கல். “நான் பத்திரமா மாட்டி வெச்சுக்குறேன்.”

பெக்துர் அப்படியே நின்றுவிட்டான். மெஷின் நாலு பேர் கையிலும் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. “யாரு எங்க போறாங்க அண்ணி?” என்று என்னிடம் கேட்டான், முரட்டுப் பயல், அவனுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது. நான் சாய்கலின் கையிலிருந்த ரொட்டியைக் கண்ணால் காட்டினேன்.

எல்நூரா கையிலிருந்த மாவை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்தாள். ரொட்டியை மகளிடமிருந்து வாங்கினாள். கடிக்கவில்லை.

“பெக்துர், கீழ வை” என்றாள்.

“அண்ணி, அப்பா சொல்லி...”

“வைடா கீழே! இது எங்கேயும் வராது. தரமாட்டேன். மாமாகிட்டப் போய்ச் சொல்லு, எல்நூரா முடியாதுன்னு சொல்லிட்டான்னு. மாவு மூட்டையெல்லாம் இங்க கொண்டுவா. எத்தனை மூட்டையானாலும் நான் பிசைஞ்சு தரேன். மெஷின் இங்கதான் இருக்கும். நானும் இங்கதான் இருப்பேன்.”

எங்கள் வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். நாலு முரடர்களும் பச்சைப்பிள்ளையைத் தொட்டிலில் போடுவது மாதிரி மெஷினை மெல்ல இறக்கினார்கள். பெக்துர் தலையைக் குனிந்துகொண்டு, “தெரியாமப் போச்சு அண்ணி” என்றான். சின்ன மாமனார் கோபித்துக்கொள்வார்தான். கோபிக்கட்டும். அதற்கு நான் இருக்கிறேன்.

எல்நூரா நின்ற இடத்திலேயே ரொட்டியைப் பிய்த்தாள். பெக்துருக்கு ஒரு துண்டு, அவன் ஆட்கள் மூன்று பேருக்கும் ஒவ்வொன்று, எனக்கு ஒன்று. சின்னச் சின்னதாகப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டே, “தின்னுங்க, மிச்சம் வைக்காதீங்க” என்றாள். தனக்கு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். கடைசித் துண்டு சாய்கலுக்கு. அவள் அதைத் தின்னாமல் உள்ளங்கையில் வைத்து, அம்மாவையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மாட்டி வைக்க ஒண்ணுமில்லையாம்மா?”

“ஒண்ணுமில்ல. நீயே தின்னு.”

அவள் அதை வாயில் போட்டு மெல்லத் தொடங்கினாள். பெக்துர் லாரியைத் திருப்பிக்கொண்டு மாவு எடுத்துவரப் போனான்.